நானே நேரில் இருந்தாற்போல்

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
ஒரு ஜெராக்ஸ் மிஷின், கை உடைந்த நாற்காலி,
எழுத்தெல்லாம் தேய்ந்துபோன கீபோர்டு.
தமிழ் பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
இங்கிலீஷ் என்றால் நாற்பது.

பவர் பத்திரத்துக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறேன்.
பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றினால் போதும்.
மூன்றாம் பக்கத்தில் அந்த வரி வரும்:
டு ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்,
நானே நேரில் இருந்து செய்தாற்போல்.

என் காதில் அது விழுந்தது வேறு விதமாக.
வேலைக்கு வந்த முதல் வாரம்
வக்கீல் புருஷோத்தமன் பஜ்ஜி தின்றுகொண்டே சொல்லச் சொல்ல
நான் பிடித்தது
இன்டென்சிவ் பர்ப்பஸஸ்.
ஏழு வருஷம் அப்படியே அடித்தேன்.
கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை;
அதன் கணக்கில் அது பிழையில்லாத வார்த்தை.
இந்த ஊருக்கும் பழகிய வார்த்தை.
காந்தி ரோட்டில் ஃபிளாஸ்க்கோடு நிற்கிற யாரைக் கேட்டாலும்
எத்தனையாவது மாடி என்று சொல்வார்கள்.

பேரணாம்பட்டு ஷாகிரா வந்தது ஒரு மழை மத்தியானம்.
புருஷன் கலீமுல்லா உள்ளே, மூக்கில் குழாயோடு.
நிலம் வி.கோட்டா பக்கம், ஆந்திராவில்.
அங்கே தமிழ் செல்லாது.
விற்றால்தான் பில் கட்ட முடியும்.
பவர், தம்பி இம்தியாஸ் பெயருக்கு.
அடித்துக் கொடுத்தேன்.
சப் ரிஜிஸ்டிரார் கட்டிலுக்கே போய்
ரேகை வாங்கிவந்தார்.
கலீமுல்லா நேரில் இருந்தார்.
நேரில் இருந்தாற்போலத்தான் இருந்தார்.

வாங்கியவரின் வக்கீல்
அந்த வார்த்தையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு
ஓரத்தில் ஒற்றைக் கேள்விக்குறி வைத்திருந்தார்.
கிரயம் நடந்துவிட்டது.
வட்டம் மட்டும் ஜெராக்ஸில் என்னிடம் திரும்பி வந்தது.

அகராதியைப் புரட்டினேன்.
ஒன்று எண்ணம், மற்றது நோக்கம்.
இரண்டையும் சேர்த்தால் ‘கிட்டத்தட்ட’.
இத்தனை பெரிய காம்பவுண்டு சுவர் எழுப்பி
உள்ளே குடிவைத்திருப்பது
‘மாதிரி’ என்கிற ஒரு சொல்லை.

அதன்பிறகு எதை அடிக்க வந்தாலும் அது இருந்தது.
ஃபிளாட் செயலாளரின் நோட்டீஸில்
தொட்டி எல்லா நோக்கத்துக்கும் காலி;
மூன்று குடம் மிச்சம் இருக்கும் என்று அர்த்தம்.
ஒரு விவாகரத்து மனுவில்
எல்லா எண்ணத்துக்கும் பிரிந்தே வாழ்கிறார்கள்,
ஒரே வீடு, இரண்டு சிலிண்டர்.
மணல் லாரி வழக்கில் பாலாறு
எல்லா எண்ணத்துக்கும் எல்லா நோக்கத்துக்கும்
ஆறு.

தை பிறந்து ஒரு திங்கட்கிழமை
கடை வாசலில் ஆட்டோ நின்றது.
அடுத்தவர் சட்டையைப் போட்டதுபோல் ஒருவர் இறங்கினார்.
பின்னாலேயே ஷாகிரா.
“பவரை ரத்து பண்ணணும்மா.
பதினெட்டு சென்ட் மிச்சம் கீது. அத இனிமே நானே பாத்துக்கறேன்.”

தோல் கம்பெனியில் இன்வாய்ஸ் சரிபார்த்த கண்.
பழைய பத்திரத்தை எழுத்தெழுத்தாக வாசித்துவந்தவர்
மூன்றாம் பக்கத்தில் நின்றார்.
சார், அது வந்து, என்று ஆரம்பித்தேன்.
“வுடும்மா, கரெக்டாத்தான் போட்டுக்கீற.
இருவத்திரண்டு நாளு அங்கதான படுத்துக்கினு இருந்தேன்.”
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
ஷாகிரா வெந்நீர் ஊற்றிக்கொடுத்தாள்.

மாதிரியை எப்போதோ திருத்திவிட்டேன்.
ஆனால் ரத்துப் பத்திரத்தில் அந்தப் பழைய வரியை
உள்ளது உள்ளபடி எடுத்துக்காட்ட வேண்டும்.
ஏழு வருஷம் தெரியாமல் அடித்ததை
முதல்முறையாகத் தெரிந்தே அடித்தேன்,
வேண்டுமென்றே,
ஒவ்வொரு எழுத்தாக.

மூன்று பக்கம், நூற்றிருபது.
கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.
இந்த முறை ரேகை இல்லை.
பேனாவை உதறிவிட்டுப் போட்டார்.
மை கொஞ்சம் மேஜைமேல் தெறித்தது.
துடைக்கவில்லை.