நாளைக் காலை பேசுவோம்

மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வந்தது.
"நாளைக் காலை பேசுவோம்."
மூன்றே சொல். கடைசியில் ஒரு புள்ளி.

லொரேட்டோ புள்ளி வைக்கிறவள் இல்லை.
அவள் வாக்கியங்கள் பாதியில் நிற்கும்,
சில நாள் ஒரு மஞ்சள் முகம் பல்லைக் காட்டும்.
இன்று முகம் இல்லை.

வால்பரைசோ துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் கிரேன்கள்
பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தன.
யாஸ்னாவின் வயிற்றுக்குள்
ஒன்று மட்டும் கம்பி அறுந்து விழுந்தது.

ககரத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் மிஞ்சும்.
இது நான் எழுதுகிற மொழியின் கணக்கு.
சிலியில் பிறந்தவளுக்கு இது தெரியாது.
தெரியாமலே
வெறும் மெய்யாக நின்றாள்.

மலையேற்றும் பழைய ரயில்பெட்டியில்
இரண்டு முறை டிக்கெட் எடுத்தாள்.
வீட்டில் கெட்டில் வற்றித் தீய்ந்தது.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில்
நிபால்டோ பேசும்போது குறுக்கே புகுந்தது,
போன ஆண்டு ஒரு மின்னஞ்சலுக்குப் பதிலே வராதது,
அதற்கு முந்தைய கம்பெனியில் ஒருவர்
"பரவாயில்லை" என்று சொன்ன விதம்,
எல்லாம் வரிசை கட்டி வந்து
சாட்சி சொல்லிவிட்டுப் போயின.

கவனம் இல்லாதவள் என்று பெயரெடுத்தவள்.
அந்த இரவு உலகத்தில் யாரும்
ஒரு புள்ளியை
அவள் அளவுக்குக் கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முப்பத்தாறு வயதில்தான் டாக்டர் சொன்னார்,
ஏ.டி.எச்.டி. என்று.
"ஒதுக்கப்படுவது உனக்கு
படுவதற்கு முன்பே வலிக்கும்,
அதுவும் இதோடு சேர்ந்து வருவதுதான்" என்றார்.
நிம்மதியாக இருந்தது, ஒரு வாரம்.
பெயர் தெரிந்துவிட்டால்
நாய் கடிக்காதா என்ன?

நள்ளிரவில் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். ஏழாவது.
முந்தைய ஆறும் அதே கோப்பில்.
நடை தேறியிருந்தது.

ஃபிரிட்ஜ் கதவில் அவள் கையெழுத்திலேயே ஒரு சீட்டு:
பசியோடு அனுப்பாதே.
இருட்டில் அனுப்பாதே.
குளிக்காமல் அனுப்பவே அனுப்பாதே.
ஒரு மணிக்கு ரொட்டியில் அவகாடோ பிசைந்து
நின்றபடியே தின்றாள்.
விடிவதற்குக் கொஞ்சம் முன் தூங்கிப்போனாள்.

"செர்ரிப் பழப் பெட்டி பதினான்கு.
நீ நாற்பத்தொன்று என்று போட்டிருக்கிறாய்.
கப்பல் கிளம்புவதற்குள் மாற்றிவிடு."

அவ்வளவுதான்.
யாஸ்னா மீதிக்காகக் காத்திருந்தாள்.

"அப்புறம், கீழே சமையலறைச் சாவி
யாரிடம் இருக்கிறது, தெரியுமா?
மூன்று வாரமாக ஆளாளுக்குத் தேடுகிறோம்."

பைக்குள் கை போனது.
கசங்கிய காகிதம், ஒற்றைத் தோடு,
நேற்றைய இரண்டு டிக்கெட்,
அடியில் குளிர்ந்து ஒன்று.
எடுத்து மேசையில் வைத்தாள்.

லொரேட்டோ சிரித்தாள்.
அது எந்த வகைச் சிரிப்பு என்பது பின்னால்,
பதினொரு மணி வரை ஆராயப்பட வேண்டியது.
அப்போது யாஸ்னா, குரல் பிசிறி,
ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்:
"பேச வேண்டும் என்றால்
எதைப் பற்றி என்று ஒரு சொல் சேர்த்து அனுப்ப முடியுமா?
அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு
நான் ராத்திரி முழுக்க..."

"எந்தப் புள்ளி?"
லொரேட்டோ போனை எடுத்துப் பார்த்தாள்.
"இது புதுசு. தானாகவே வைக்கிறது."

பதினான்கு என்று திருத்தினாள்.
மூன்று முறை சரிபார்த்தாள்.
கப்பல் போனது.
ஏழாவது கடிதத்தை அழிக்கவில்லை.

மாலை ஐந்து நாற்பது.
"புது கெட்டில் வாங்குவது பற்றி
நாளைக் காலை பேசுவோம்"

புள்ளி இல்லை.

ஏன் இல்லை?

போனைக் கவிழ்த்து வைத்தாள்.
முதலில் ரொட்டி.