மட்டக் கயிறு

லக்காடி வீதிக்கு இந்தப் பக்கம் என் வீடு.
அந்தப் பக்கம் என் வேலை.
நடுவில் ஓயாத வாகனங்கள்,
ஒரு கம்பி வேலி,
வேலியை மூடி வளர்ந்த செடி.

செடியை வெட்டுகிறவன் நான்தான்.

மொன்றியலுக்கு வந்த புதிதில்
அதை வேலி என்றே நான் நினைக்கவில்லை.
இவ்வளவு பச்சையாய் இருக்கிறதே,
யாரோ ஊருக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்றிருந்தேன்.
மூன்றாம் வருடம் வேலைக்குச் சேர்ந்து
கையை உள்ளே விட்டபோதுதான்
கம்பி சில்லென்று பட்டது.

முதலாளி கயெத்தான் நல்ல மனிதன்.
வெள்ளிக்கிழமைச் சம்பளம் பிந்தாது.
ஒரே ஒரு கண்டிப்பு:
"கம்பி தெரியக் கூடாது.
தெரிந்தால் எனக்குப் போன் வரும்."
ஆகவே கம்பிக்கு மேலே ஒரு சாண் விட்டு
மட்டக் கயிறு கட்டி
கயிற்றின் வழியே வெட்டுகிறேன்.

செடிக்குள் என்னவெல்லாம் கிடக்கும் தெரியுமா.
ஒற்றைக் கையுறை, சின்னது, சிவப்பு.
சுரண்டித் தோற்ற லொத்தர்.
பாதி உரித்த மிட்டாய்.
ஒரு டென்னிஸ் பந்து, அது அந்தப் பக்கத்துடையது.
டேப் சுற்றிய ஒரு பந்து, அது எங்களுடையது.
இத்தனை கார்களுக்கும் மேலால்
இவ்வளவு தூரம் அடித்த பிள்ளை யார்?
இரண்டும் ஒரே கவட்டில்
மழையில் ஊறிக் கிடந்தன.

எங்கள் கட்டடம் மூன்று மாடி, லிஃப்ட் இல்லை.
படியேறினால்
ஐந்து நாட்டுச் சமையல் ஒன்றாய் மணக்கும்.
நஸ்ரின் வீட்டுக் குளியலறைக் கூரை ஒழுகும்;
வாளி வைத்துவிட்டுத்தான் அவள் குளிப்பாள்.
வாடகை எண்பது டொலர் ஏறியிருக்கிறது, வாளிக்கும் சேர்த்து.
ஜூலை முதலாம் திகதி,
ஊர் முழுக்க வீடு மாறுகிற நாளில்,
இரண்டாம் மாடி ஹெய்ட்டிக்காரர்
கட்டிலை முதுகில் கட்டி இறக்கினார்.
எங்கே என்றேன்.
"இன்னும் தூரம்."
இடத்தின் பெயர் சொல்லவில்லை.

போன கிழமை கடும் வெயில்.
நான் வெட்டிக்கொண்டிருந்த இடத்து வீட்டு அம்மா
தண்ணீர் கொண்டுவந்தாள்,
தேசிக்காய்த் துண்டும் போட்டு.
பிளாஸ்டிக் கோப்பை இல்லை, கண்ணாடிக் கிளாஸ்.
அதைக் கவனித்தேன்.
கவனித்ததற்கு வெட்கப்பட்டேன்.
எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள்.
கத்தரியால் செடியைக் காட்டினேன்.
"அங்கேயா?"
"அதற்கு அங்கால்."
அவள் செடியைப் பார்த்தாள்,
அதற்கு முதுகும் உண்டென்று
இப்போதுதான் தெரிந்தவள் மாதிரி.
பிறகு, "எவ்வளவு கிட்ட!" என்றாள்,
உண்மையான சந்தோஷத்தோடு.

கிட்டத்தான் அம்மா.
ஏணியில் ஏறினால் என் குசினி தெரியும்.
சுகிர்தா துவாய் உதறுவது தெரியும்,
சத்தம் மட்டும் கேட்காது.
ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போக
வேலியின் ஓரமாகவே நடந்து
சின்னப் படலையைக் கண்டுபிடித்து
விளக்கு மாறும்வரை நின்று
வந்த தூரமெல்லாம் திரும்பி நடந்தால்
பதினான்கு நிமிடம்.
சாப்பாட்டுப் பெட்டியோடு எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

"கோபம் வராதா அப்பா?"
பள்ளிக்கூடத்தில் வேலியைப் பற்றிக்
கட்டுரை எழுதுகிறாள் மகள்.
வரும் என்றேன். எழுதிக்கொண்டாள்.

நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.
அன்று கயிற்றை அவிழ்த்துவிட்டுப்
பத்தடி தள்ளி நின்று பார்த்தேன்.
ஓர் இலை மீறவில்லை.
கண் போகும் தூரம் ஒரே மட்டம்.
வடிவாய் இருந்தது.
என்னை அறியாமல் நெஞ்சு நிமிர்ந்தது.
அதை எந்தக் கட்டுரையில் அவள் எழுதுவாள்?

இரண்டு பந்துகளையும்
காற்சட்டைப் பையில் வீங்க வீங்கக் கொண்டுவந்தேன்.
படிக்கட்டில் விளையாடிய பிள்ளைகளிடம்
டேப் சுற்றியதை நீட்டி
"அந்தப் பக்கம் அடித்தது யார்?" என்றேன்.

"நான்!" என்று
மூன்று பேர் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள்.

மூவரையும் நம்பினேன்.