நாலு தேக்கரண்டி

கீழமாசி வீதியில் எண்ணெய்க் கடை எங்களுக்கு.
கல்லாவுக்குப் பின்னால் மூன்று தகர டிரம்:
நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய்.
பத்தொன்பது வருஷமாக அளந்து ஊற்றுகிறேன்.
கடைசிச் சொட்டு தானாக அறுந்து விழும் வரை
புனலைச் சாய்த்துப் பிடிக்கத் தெரிந்த கை.
இப்போது எனக்கென்று ஒரு நாளைக்கு
நாலு தேக்கரண்டி.
எழுதிக் கொடுத்த டயட்டீஷியன் சின்னப் பெண்.
என்ன தொழில் என்று கேட்டுவிட்டுச்
சிரிப்பைப் பேனா மூடிக்குள் அடக்கிக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு ராத்திரி
மேல்வயிற்றில் புகுந்து முதுகு வழியே வெளிவந்தது வலி.
குனிந்தால் கொஞ்சம் விட்டது.
பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில்
என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு போனேன்.
ஐந்து நாள் வாயில் பச்சைத்தண்ணீர் இல்லை.
தலைமாட்டில் டிரிப்ஸ் சொட்டியது.
அளக்கத் தெரிந்த ஆள் யாரோ, சிந்தாமல் விடுகிறார்
என்று மட்டும் தோன்றியது.

ஷிஃப்டுக்கு ஒருத்தர் வந்து
ஒரே கேள்வி: "குடிப்பீங்களாம்மா?"
எனக்குக் கல். பித்தப்பையில், மிளகளவில், ஏழு.
பார்க்க வந்த நாத்தனார் ராஜகனி
என் பக்கமே திரும்பாமல் தன் அண்ணனிடம் சொன்னாள்:
"உனக்கு வரவேண்டியதுண்ணே, விலாசம் மாறி வந்திருக்கு."
சிரித்தேன். சிரிக்கக் கூடாத இடத்தில் வலித்தது.

கணையம்.
நாற்பத்தாறு வயசு வரைக்கும்
அப்படியொன்று உள்ளே கிடப்பதே தெரியாது.
பழைய தமிழில் அது
கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரமாம்,
அகராதியைப் புரட்டிவிட்டு மகன் சொன்னான்.
இந்த ஊர்க் கோட்டையை இடித்துத்தானே
வெளி வீதி போட்டார்கள் என்றேன்.
"ரொம்ப யோசிக்காதம்மா, மாத்திரையப் போடு."

மாத்திரை முதல் கவளத்தோடு.
கவளம் ஆறு வேளைக்கு, கைக்குள் அடங்குகிற அளவு.
முதல் மாசம் குழைந்த கஞ்சியைப் பார்த்து
அழுததைக் கணக்கில் எழுதவில்லை.
அப்புறம் நாக்கே வேலைக்கு வந்தது.
சீரகத்தை வெறும் சட்டியில் பொரியவிட்டு நுணுக்கினால்
பீர்க்கங்காய் தாளிப்பைத் தேடாது.
இட்லிப் பொடியை ஆடை நீக்கிய மோரில் குழைக்கலாம்.
தக்காளியில் வெந்த விராலுக்கு
விராலின் ருசி இருக்கிறது.
கத்தரிக்காயும் அப்படித்தான்.
இத்தனை வருஷம் அது போர்வையோடு வந்ததால்
முகம் பார்த்ததில்லை.
எண்ணெய் விற்கிறவள் சொல்கிறேன்,
வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்காரரும் "எனக்கும் இதுவே போதும்" என்று
என் தட்டையே மூன்று மாசம் சாப்பிட்டார்.
போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்.
கையில் சோப்பு வாசம். இரண்டு தரம் கழுவியிருக்கிறார்.
சட்டையைக் கழுவ முடியாதல்லவா.
தோள்பட்டையில் கறிதோசைக் கல்லின் ஆவி,
அதற்கு அடியில்
கருப்பட்டி ஒரு பிடி கூடிப்போன
செவ்வாய்க்கிழமை ஆட்டிய நல்லெண்ணெய்.
சிக்கந்தர் பாய் கடைக்கு மாசம் மூணு டின்
நம்மிடம்தான் எடுக்கிறார்,
அது ஞாபகமில்லை மனுஷருக்கு.

"ஓரம் மொறுமொறுன்னு இருந்துச்சா?"
வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி நின்றார்.
"நடுவுல கறி ஈரம் இருந்துச்சா,
இல்ல காய விட்டுட்டாரா?"
"இருந்துச்சு," என்றார். குரலே வரவில்லை.

பித்தானில் கை போனது.
கழட்டாதீங்க என்றேன்.
அவித்த சீனிக்கிழங்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஆறாம் வேளை.
மெதுவாகச் சாப்பிட்டேன்,
சட்டை ஆறும் வரைக்கும்.