பதினைந்து கிலோ

மேலப்பாளையம் மைதீன் பிச்சை
பழைய இரும்புக் கடைத் தராசின் கொக்கியில்
என் முதுகுப்பையை மாட்டிவிட்டுக்
கண்ணைச் சுருக்குகிறார்.
பதினெட்டே கால்.
"உள்ள பித்தளையாம்மா? நல்ல வெல போகும்."

தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் சின்ன விமானம்
பதினைந்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாது.
எந்த ஊருக்கு என்றார். கிர்கிஸ்தான் என்றேன்.
"அங்கனதான் எம் மச்சினன் மவன்
டாக்டருக்குப் படிக்கான்.
ரெண்டு கிலோ இட்லிப்பொடி குடுத்தா
கொண்டுபோயிருவியளா?"
மலைக்குப் போறேன் அண்ணே, நடக்க.
"நடக்கவா?"
அவர் பின்னால் சாய்ந்துகிடந்த சைக்கிள்களும்
அதையே கேட்ட மாதிரி இருந்தது.

கால்களைப் பழக்க வேறெங்கும் போகவில்லை.
இரண்டு மாதமாக
மலைக்கு வாங்கிய பூட்ஸோடுதான்
தச்சநல்லூரில் கரண்டு கணக்கெடுக்கிறேன்.
நாய்கள் குழம்பிப்போய்க் குரைக்க மறக்கின்றன.
"பூட்ஸெல்லாம் மாட்டிட்டு வந்திருக்கிய,
பீஸப் புடுங்கவா மேடம்?"
இல்லை என்று முன்னூற்றுப் பன்னிரண்டு யூனிட் எழுதிவிட்டு
படியிறங்கும்போது
குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.
கொப்புளம் இல்லை.

மைனஸ் ஐந்துக்கான ஜாக்கெட்
கத்திரி வெயிலில்தான் வந்து சேர்ந்தது.
கழுத்துவரை ஜிப்பை ஏற்றினேன்.
கண்ணாடியில் ஒரு பருத்தி மூட்டை
நெற்றியில் வேர்வையோடு நின்றது.
அக்கா ஆவுடைத்தங்கம்
கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரித்து முடித்து, துணியின் ஓரத்தை
இரு விரலால் கசக்கிப் பார்த்து,
"ஏட்டி, அவ்வளவு குளிருமா?" என்றாள்.

பெருமாள்புரம் மொட்டைமாடியில்
கூடாரம் அடிக்க மண் இல்லை.
நாலு மூலைக்கும் நாலு தண்ணீர்க் கேன்.
உள்ளே படுத்தேன்.
"யாரு வே அது?
வீட்டக் காலி பண்ணிட்டாளோ?"
பக்கத்து மாடிப் பேச்சு
துணிக்கு இந்தப் பக்கம் அப்படியே கேட்டது.
காற்று வந்தபோது கூரை ஒருமுறை விம்மியது.
அதற்கே நெஞ்சு அடித்துக்கொண்டது.
அங்கே காற்று எப்படியோ.
விடியும்வரை வெளியே வரவில்லை,
புழுக்கம்தான், ஆனாலும்.

கத்தி பெரிய பையில் போகலாம்.
அடுப்புக்கு கேஸ் அங்கே போய் வாங்க வேண்டும்.
தீப்பெட்டி எந்தப் பையிலும் கூடாது.
கோவில்பட்டியில் பிறந்த குற்றத்துக்கு
அது மட்டும் மேசைமேல் தங்கிவிட்டது.

டிக்கெட்டில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
எங்களுக்கு ஏது.
சுடலைமுத்து என்று அப்பா பெயரை அடித்தேன்.
தாழையூத்து சிமெண்ட் ஆலையில்
ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கியவர்.
மெட்ராஸுக்கு ஒரே ஒரு தடவை போனவர்,
அதுவும் ஆஸ்பத்திரிக்கு.
அச்சடித்து வந்த தாளில்
இசக்கியம்மாளுக்கு முன்னால்
அவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.
ஒத்தையிலயா போற என்று
ஆபீஸில் எல்லாரும் கேட்டார்கள்.
தாளைக் காட்டியிருக்கலாம்.
ஆமா என்றேன்.

துண்டைப் பாதியாகக் கிழித்தேன்.
இரண்டாம் சுடிதார் போயிற்று.
புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்தேன், வைத்தேன்,
எடுத்தேன்.
அது எங்கே போயிற்று என்று
அக்கா கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.
மருந்துகளை அட்டைப்பெட்டியிலிருந்து உருவிவிட்டு
பேதி மாத்திரை எது, தலைவலி எது என்று
திரும்பக் குழம்பி, பேனாவால் எழுதினேன்.
டார்ச். இன்னொரு டார்ச். வேண்டாம்.
சரி, இருக்கட்டும்.

மறுபடியும் மைதீன் பிச்சை கடை.
மறுபடியும் கொக்கி.
பதினாலு அறுநூறு.
முள் ஆடி அடங்கும்வரை
அவர் மூச்சு விட்டமாதிரி தெரியவில்லை.
பிறகு கல்லாவைத் திறந்து,
தினத்தாளில் சுற்றி
நூல் கட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்தார்.
"முன்னூத்தி அம்பதுதாம்மா.
நேத்தே எட போட்டு வச்சுட்டேன்."