மூன்றாம் கை

ஃபீனிக்ஸ் ஷோரூமில்
புதுக்கார் இருக்கையில் பாலித்தீன் உறை.
சடையன் உட்கார்ந்தார், எழ மனமில்லை.
விற்பனைப் பையன் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினான்:
மாதம் பதிமூவாயிரத்து எழுநூறு,
ஏழு வருடம்.
"தினம் ஒரு டீச் செலவு மாதிரிதான், மதாம்."
எந்தக் கடை டீ என்று நான் கேட்கவில்லை.

கூட்டினால் பதினொன்றரை லட்சம்.
கண்ணாடியில் ஒட்டியிருந்த விலையோ ஒன்பது.
ஏழு வருடத்தில்
யோவினி பள்ளியை முடித்திருப்பாள்,
எனக்கு ஐம்பத்து மூன்று,
இந்த பாலித்தீன் எந்தக் குப்பையில் கிடக்கும்?
வாசலைத் தாண்டி உருட்டியதுமே
ஒரு லட்சம் உதிர்ந்துவிடும் என்றான்
வங்கியில் வேலை செய்யும் என் தம்பி.
எங்கே உதிரும், யார் பொறுக்குவார்,
அதை அவனும் சொல்லவில்லை.

அன்றிரவு மின்கட்டண உறையின் பின்புறம்
நடுவில் ஒரு கோடு போட்டேன்.
இந்தப் பக்கம் புதுசு, அந்தப் பக்கம் பழசு.
டயர், இன்ஷூரன்ஸ், டிசம்பர் போனஸ், பல் வைத்தியர்.
பழசின் கீழ் சடையன் "மெக்கானிக்" என்றெழுதி
மூன்று முறை அடிக்கோடிட்டார்.
புதுசின் கீழ் நான் "தூக்கம்" என்றெழுதினேன்.
ரொம்ப நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோஸ்ஹில்லில் ஒரு பேக்கரிக்குப் பின்னால்
ஒன்பது வயது வெள்ளிநிறக் கார்.
ஜப்பானில் யாரோ மூன்று வருடம்,
இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஆறு வருடம்,
இனி எங்கள் கை.
மூன்று நாற்பது கேட்டார், இரண்டு எண்பது இருந்தது,
மீதிக்குச் சீட்டை எடுத்தேன்.
மெக்கானிக் அடியில் படுத்து டார்ச் அடித்தபடி
"கடல்காற்றுத் துரு. ஆனால் எஞ்சின் பொய் பேசாது" என்றார்.

ஆனால் கார் பேசியது.
சாவியைத் திருப்பினால் ஒரு பெண்குரல்,
ஜப்பானிய மொழியில், ஒரே ஒரு வாக்கியம்.
சீட்பெல்ட்டைச் சொல்கிறாள் என்றார் சடையன்.
யோவினி தினமும் "போன்ழூர்" என்று பதில் சொல்வாள்.
நான் அதை வாழ்த்து என்றே வைத்துக்கொண்டேன்.
ரேடியோ தொண்ணூறோடு நின்றுவிடும்,
எங்கள் நிலையம் அதற்கும் மேலே.
எனவே காருக்குள் அவள் குரல்தான்.

ஜப்பானிய மீன்பிடிக் கப்பல்களில்
பதினைந்து வருடம் இருந்த ரொலான்
ஒருநாள் போர்ட் லூயி வரை கூட வந்தார்.
அவள் பேசியதும் வாய்விட்டுச் சிரித்தார்.
"கார்டு செருகப்படவில்லையாம்.
சுங்கச்சாவடியில் காசு கழிக்கிற கார்டு."

எனக்குத் தெரிந்து இந்தத் தீவில்
சுங்கச்சாவடியே கிடையாது.
ஒன்பது மாதமாகக் காலைதோறும்
யாருக்கோ கட்டாத பணத்தை
நினைவூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.
இல்லை அம்மா, இந்த மாதம்
யாருக்கும் ஒன்றும் இல்லை.

கியூர்பைப் மழையில் வைப்பர் கீச்சிடுகிறது.
இடப்பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிடும்,
கையால் தூக்கிவிட வேண்டும்.
ஃபீனிக்ஸைக் கடக்கும்போது
சடையன் இன்னமும் வேகத்தைக் குறைக்கிறார்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
கண்ணாடியைத் தூக்குகிறேன்.