முனி

காவேரிப்பட்டணம் மாங்கூழ் கம்பெனியில்
சனிக்கிழமைக் கூலிப் பட்டியல் என் பொறுப்பு.
ஒரே டெக்ஸ்ட் ஃபைல். ஆளுக்கு ஒரு வரி.
"முனி நின்னுட்டான், பேரை எடுத்துரு"
போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்
சூப்பர்வைசர் சம்பங்கி.

ஆறு வரியில் புரோகிராம் எழுதினேன்:
ஒவ்வொரு வரியாகப் படி.
முனி இருந்தால் விட்டுவிடு.
இல்லையென்றால் புது ஃபைலில் எழுது.
எண்டர் தட்டிவிட்டு டீக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பட்டியல் பாதி.
முனிரத்தினம் இல்லை. முனியம்மா இல்லை.
கொட்டை பிரிக்கும் முனிலட்சுமிகள் மூன்று பேரும் இல்லை.
லோடு இறக்கும் சின்னமுனியப்பனும்.
ஓர் எழுத்தில் தப்பிய முனுசாமி மட்டும்
நடுவில் தனியாக.

சங்கு ஊதியது.
ஜன்னலுக்கு வெளியே, முழங்கை வரை மஞ்சளாய்,
இல்லாதவர்கள் எல்லோரும்
கூலிக்கு வரிசையில் நின்றார்கள்.

நல்லவேளை, பழைய ஃபைல் அப்படியே இருந்தது.
தொடக்கம் முதல் கமா வரை
பெயர் முழுசாக ஒத்துப்போனால்தான், என்று மாற்றினேன்.
ஒரே வரி போனது.
அந்த இடத்தில் அடுத்த வரி ஏறி உட்கார்ந்தது,
சந்து கூட விடாமல்.

வரிசையில் கடைசி ஆள் குனிந்து
ஜன்னல் வழியே கைநீட்டினார்.
பேரு?
"முனி."

சம்பங்கியைப் பார்த்தேன்.
நின்னது எந்த முனி?
போனைப் பொத்திக்கொண்டு யோசித்தார்.
"அதான்யா. முனி."