ஒட்டு

குன்னத்தூர் சத்திரத்தின் முதல் மாடியில்
செய்யது அப்பாஸ் என் சட்டைத் தோளை
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்.
இருபது வருசம் புதுமண்டபத்துத் தூணடியில்
சாமியாடிக்குக் கச்சையும்
நாடக ராஜாவுக்கு ஜிகினாவும்
ஸ்கூல் பிள்ளைக்கு போலீஸ் உடுப்பும் தைத்தவர்.
கடை மாறியது மிஷினுக்குத்தான் இன்னும் ஒப்பவில்லையாம்,
கல்தரையில் ஓடின ஓட்டம் டைல்ஸில் இல்லையாம்.

"இது என்ன படைண்ணே, குதிரையா?"

குதிரை இல்லை.
கழுதையும் இல்லை.

நான் கூடல்நகர் ரிலே அறைக்காரன், சோணைமுத்து.
தண்டவாளத்தைத் திருப்பிவிடும் மோட்டார்,
சிவப்பு, மஞ்சள், பச்சை,
அவற்றுக்குப் பின்னால் மண்ணுக்குள் ஓடும் கம்பி.
வருசத்தில் ஒரு மாதம் பிரதேச ராணுவம்:
ரயில்வே ரெஜிமென்ட், ரயில்வே ஆட்கள்,
பச்சை உடுப்புப் போட்ட அதே யார்டு அரட்டை.

இந்த முறை வந்த தாளில் என் பெயருக்கு நேரே
'சிக்னல் நிபுணர்' என்று போட்டிருந்தது.
எங்கோ ஒரு குமாஸ்தாவுக்கு
சிக்னல் என்றால் வயர்லெஸ்.
எனக்கு, சமயநல்லூர்ப் பக்கம்
இரவு பதினொன்றுக்கு எரியும் சிவப்பு.
அந்த ஒரு சொல்லுக்குள்
மூவாயிரம் கிலோமீட்டர் இருந்தது.

இறங்கின இடத்தில் ரயில் கிடையாது. ரோடும் கிடையாது.
அறுபது கோவேறு கழுதைகள்
மூக்கால் புகை விட்டபடி என்னைப் பார்த்தன.
ஹவில்தார் தேஜ்பால் நேகி தாளைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடி தாளைப் பார்த்தார்.
"ரயில்" என்று பேர் வைத்தார்.
திருப்பி அனுப்பவும் ஒரு தாள் வேண்டுமே.
அது வரும்வரைக்கும் என்று ஒரு கயிற்றைக் கொடுத்தார்.
மறுமுனையில் நானூற்றுப் பன்னிரண்டு,
குளம்பில் சுட்ட எண்.

தாள் வரவே இல்லை.
வயர்லெஸ் பெட்டியைத் திறந்தேன், மூடினேன்.
போன் கம்பி அறுந்தால் மட்டும் முடிச்சுப் போட்டேன்.
விரல் விறைத்துப் பல்லால் உரித்தபோது
நாக்கில் ஏறிய தாமிரம் மட்டும்
எங்கள் ஊர்த் தாமிரம்.

ஒரு விடியலில், அரிசி மூட்டையோடு,
வெள்ளையாய்க் கிடந்த பாதையில்
நானூற்றுப் பன்னிரண்டு நின்றுவிட்டது.
நேகி அதட்டினார். பின்னால் வந்தவன் வாலை முறுக்கினான்.
காது இரண்டும் முன்னால் நீட்டியபடி,
அசையவில்லை.

எனக்கு அந்த நிற்பு தெரியும்.
கம்பி அறுந்தாலும் கரண்ட் போனாலும் எலி கடித்தாலும்
எங்கள் விளக்கு சிவப்புக்குத்தான் போகும்.
அப்படித்தான் செய்து வைத்திருக்கிறோம்,
தெரியாதபோது நில் என்று.
என் இந்தியில் வினைச்சொல் வராது.
"உஸ்தாத், லால். லால் பத்தி" என்றேன்.

நேகி கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார்.

சுற்றிப் போனோம். நாலு மணி நேரம் தாமதம்.
மேலே காத்திருந்தவர்கள் பசியில் திட்டினார்கள்,
என்னைத்தான்.
முன்னால் பள்ளம் இருந்ததா என்று
யாரும் போய்ப் பார்க்கவில்லை.
சிவப்பில் நிற்கும் டிரைவர்
இறங்கிப் போய்க் காரணம் பார்ப்பதில்லை.

ஊர் திரும்பிய முதல் நைட் ஷிப்டில்
ஒரு சரக்கு வண்டி, நாற்பது வேகன் சிமென்ட்,
விளக்குக்கு முன்னால் பெருமூச்சோடு நின்றது.
"சாபாஷ்" என்று சொல்லிவிட்டேன்.
யாருக்குண்ணே என்றான் கூட இருந்த வைரவன்.
டீ வாங்கிட்டு வாடா என்றேன்.

"பிரிச்சிரவா?"
அப்பாஸ் பிளேடை எடுக்கிறார்.
அடுத்த மாதம் ரயில்வே கேம்ப், பழைய ஒட்டு வேண்டும்.
பிரிக்க வேண்டாம்,
இதுக்கு மேலேயே வச்சுத் தைங்க.
"தடிக்கும்ணே. எவனாவது கேட்டா?"
தடிக்கட்டும்.

மூன்று மடிப்புத் துணியில் ஊசி ஒன்று முறிந்தது.
அதற்கும் சேர்த்து
எண்பது ரூபாய்.